சில்லிட்ட தரையும் சுண்ணாம்புச் சுவரும்

போன கிறிஸ்துமஸ் நடுச்சாமப் பூசைக்கு உறவினர் ஊருக்குப் போயிருந்தேன். நூறு வயதைத் தாண்டிய கோயில். மதுரைச் சீமையில் என்ன பெரிய குளிர் என்று கேட்பீர்கள். மார்கழி இரவில் செருப்பைக் கழற்றிவிட்டு, வழவழவென்ற டைல்ஸ் தரையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், தெரியும். இருந்த சில நாற்காலிகளும் முன்வரிசை விருந்தாளிகளுக்குப் போய்விட்டன. நற்கருணை வாங்க எழும்போது எனக்குத் தூணைப் பிடிக்க வேண்டியதாயிற்று. பக்கத்திலிருந்த பாட்டியால் எழவே முடியவில்லை. சாமியார்தான் இறங்கி வந்து கொடுத்தார்.

பூசை முடிந்து காப்பி குடிக்கும்போது கோயிலைப் பற்றியே பேச்சு. சுவரில் ஈரம் ஏறுகிறது, உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது, மழைக்கு மேல்தளம் ஒழுகுகிறது. ‘இடித்துவிட்டு ஏசி வைத்துப் புதுசாகக் கட்டுவோம்’ என்கிறது பாதி ஊர். ‘தாத்தா காலத்துக் கோயில், யாரும் கை வைக்கக் கூடாது’ என்கிறது மீதிப் பாதி. இரண்டிலும் எனக்குச் சம்மதமில்லை.

வெற்றிலைக்குப் பேர்போன சோழவந்தான்காரனுக்குச் சுண்ணாம்பின் அருமை கொஞ்சம் தெரியும். அந்தக் காலக் கோயில்கள் செங்கல்லாலும் சுண்ணாம்புக் காரையாலும் எழுப்பியவை. கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவார்கள். தரையிலிருந்து ஏறும் ஈரத்தை அந்தச் சுவர் மெல்ல மெல்ல வெளியே விட்டுவிடும். சுவர் கனமாக இருப்பதால் வெயிலின் சூடு உள்ளே வர நேரமாகும். சித்திரை மத்தியானத்தில் உள்ளே நுழைந்ததும் உடம்பு குளிர்வது அதனால்தான். அதன்மேல் சிமெண்டைப் பூசிப் பெயிண்டும் அடித்துவிட்டால் ஈரம் போக வழியில்லை. உள்ளேயே தங்கி, உப்பாகப் பூத்து, காரையைத் தள்ளுகிறது. தப்பான வைத்தியம் செய்துவிட்டு, ‘சுவருக்கு வயசாகிவிட்டது’ என்கிறோம்.

வைகை நம்மூரையும் மதுரையையும் தாண்டி மானாமதுரைக்குப் போகும் வழியில் இருக்கிறது இடைக்காட்டூர். 1894-இல் பிரெஞ்சுச் சாமியார் பெர்டினாண்ட் செல் கட்டிய திருஇருதய ஆலயத்தில் இன்றும் பூசை நடக்கிறது. பிரான்சின் ரீம்ஸ் பேராலயத்தை மாதிரியாக வைத்துக் கட்டியது அது. அந்த ரீம்ஸ் பேராலயம் 1914-இல் ஜெர்மன் பீரங்கிக் குண்டுகளால் தீப்பிடித்துக் கூரையை இழந்தது. அதற்காக அதை அவர்கள் இடித்துவிடவில்லை. கீழிருந்து பார்ப்பவர் கண்ணில் படாத கூரைச் சட்டங்களைக் கான்கிரீட்டில் செய்து, மற்றதைப் பழையபடி சீராக்கி, 1938-இல் திறந்தார்கள். எதைக் காப்பது, எதை மாற்றுவது என்ற விவேகம் அவர்களுக்கு இருந்தது.

நம் பங்குகளுக்கும் அதுவே வேண்டும். நல்ல பொறியாளர் ஒருவர் பார்த்து, சுவரே நிற்காது என்று சொன்னால் இடிப்பதைப் பேசலாம். அதுவரை, மேல்தளத்துத் தட்டோட்டைச் சரிசெய்யுங்கள். மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தையொட்டித் தேங்காமல் வடிய விடுங்கள். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனாரைத் தேடிப் பிடியுங்கள். செட்டிநாட்டுப் பக்கம் இன்னும் கிடைப்பார்கள். தரையில் ஜமக்காளம், முதியோருக்குக் கைவைத்த நாற்காலி, பக்கவாசலில் பிடிமானத்தோடு ஒரு சாய்தளம் போடுங்கள்.

இதற்கெல்லாம் புதுக்கோயில் செலவில் சிறு பங்குதான் ஆகும். ஆனால் ஒழுகலை அடைத்தவர் பெயரைப் பளிங்குக் கல்லில் யாரும் பொறிப்பதில்லை. கோபுரத்துக்கு உபயதாரர் வரிசையில் நிற்கிறார்கள், வடிகாலுக்கு ஆளில்லை. நம் பிள்ளைகள் வெளிநாட்டிலிருந்து பணம் அனுப்பும்போது இதை நாம்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

புதுக்கோயில் கட்டி முடிக்க எத்தனை வருஷம் ஆகுமோ! அந்தப் பாட்டிக்கு இந்த டிசம்பருக்குள் ஒரு நாற்காலி வேண்டும்.