கூட்டத்தில் பேசாதவர் எங்கே பேசுகிறார்?

கூட்டம் முடிந்த பின்னரே உண்மையான கூட்டம் தொடங்குகிறது. தண்ணீரூற்றுப் பகுதியில் கிராம அபிவிருத்திச் சங்கமானாலும் கமக்காரர் அமைப்பானாலும் நாம் காண்பது இதுவே. மண்டபத்தில் எல்லோரும் தலையாட்டுவர். வெளியே வேலியோரம் சைக்கிளைப் பிடித்தபடி நிற்கும்போதுதான், "அவருக்கு மட்டும் என்னெண்டு பங்கு கூடினது?" என்ற பேச்சு எழும். தலைவருக்கு அது மூன்றாம் நாள் வேறொருவர் வாயால், கூட்டியும் குறைத்தும் வந்து சேரும். அடுத்த கூட்டத்திற்கு அவரும் கோபத்தோடே வருவார்.

எம்மவர் பேசாதிருப்பதை அறியாமை என்று சொல்லும் அலுவலர்களோடு நாம் உடன்படுவதில்லை. ஒரு சொல் எந்தக் காதுக்குப் போய்ச்சேரும் என்று தெரியாமல் யுத்தகாலம் முழுவதும் வாழ்ந்தவர்கள் இவர்கள். 2009இல் மெனிக் பாம் முகாமில் அடைபட்டவர்களிற் சிலர், 2012 செப்ரெம்பரில் அது மூடப்படும்வரை அங்கேயே இருந்தனர். வாயைக் கட்டி உயிர் தப்பியவர்களுக்கு அந்தப் பழக்கம் இலேசில் விடாது. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் நெடுங்காலம் வாழ்ந்து திரும்பிய முஸ்லிம் குடும்பங்களும் இதே ஊரவர்தாம். ஒரே வாங்கில் இருந்தாலும் இழந்த ஆண்டுகளின் கணக்கு ஆளுக்காள் வேறு. காணி, வீட்டுத்திட்டம் என்று பேச்சு வந்ததும் அக்கணக்குகள் எழுந்து நிற்கும். "பழசைக் கிளறாதேங்கோ" என்று அவற்றை அடக்குவது எமக்குச் சரியாகப் படவில்லை.

சிறுபோகக் கூட்டத்தையே எடுத்துக்கொள்வோம். காலபோகத்துக்கு மழை கைகொடுக்கும். சிறுபோகம் குளத்தை நம்பியது. முத்தையன்கட்டானாலும் தண்ணிமுறிப்பானாலும், இருக்கும் நீருக்கு இத்தனை ஏக்கர்தான் என்று முடிவானால் எல்லோரும் முழு வயலையும் விதைக்க முடியாது. வாய்க்காலின் கடைசியில் வயல் வைத்திருப்பவர் அன்று வாய்திறக்காவிட்டால், பயிர் குடலைப் பருவத்தில் வாடும்போது மண்வெட்டியோடு மதகடியில் நிற்பார். ஆகவே அவரையே முதலிற் பேசவிட வேண்டும்; தலைவர் கடைசியிற் பேசட்டும். தலைவர் முதலிற் பேசிவிட்டால் மற்றவர்கள் அவருடைய முகத்தைப் பார்த்தே பேசுவார்கள்.

கணவரை இழந்து, அல்லது காணாமற்போகக் கொடுத்துவிட்டு, தாமே வயலைப் பார்க்கும் பெண்கள் பலர். அனுமதிப்பத்திரம் கணவரின் பெயரில் இருப்பதனால் அவர்கள் பின்வரிசையில் ஒதுங்குகின்றனர். பொழுதுபட்ட பின் கூட்டம் வைத்தால் அதுவும் இல்லை.

மனக்குறைகளை எழுதிப் போடப் பெட்டி வைக்கலாம் என்று சில நிறுவனங்கள் ஆலோசனை கூறுகின்றன. நமக்கு அதில் விருப்பமில்லை. மொட்டைக் கடிதத்தால் பட்டது போதும்! யார் எழுதியது என்று தேடுவதிலேயே ஊர் இரண்டுபடும். அதைவிட, கூட்ட அறிக்கையில் முடிவையும் அதற்கான காரணத்தையும் எழுதலாம். எதிர்த்துப் பேசியவரின் பெயர் வேண்டாம். பெயர் இல்லாவிட்டால் பொறுப்பும் இராது என்று சிலர் வாதிடுவர். காசு விடயத்தில் அவ்வாதம் சரியே. அங்கே பெயர், தொகை, பற்றுச்சீட்டு எல்லாம் இருக்கவேண்டும். கணக்குப் புத்தகம் மேசையில் விரித்தபடி கிடக்கவேண்டும். கருத்துச் சொன்னவரின் பெயரைக் கடதாசியிற் பதிவது வேறு விடயம். அப்படிப் பதிந்த கடதாசிகளுக்கு எம்மக்கள் அஞ்சுவதன் காரணத்தை விளக்கத் தேவையில்லை.

வரும் சிறுபோகத்துக்குப் பங்குப் பட்டியலைக் கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்னதாகவே சங்கக் கட்டடச் சுவரில் ஒட்டும்படி கேளுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு ஒருவர் நின்று உரத்து வாசிக்கட்டும்.