ஈர்ப்பு விதியைச் சந்தேகிக்கலாமா?

கதை எழுதுகிறவனுக்கு வானத்தில் என்ன வேலை என்று கேட்பீர்கள். வேலை இருக்கிறது. அங்கே ஒரு பாத்திரம் மேடைக்கே வராமல் தொண்ணூறு வருஷமாக நாடகம் நடத்திக்கொண்டிருக்கிறது. அதற்குக் கரும்பொருள் என்று பெயர்.

1933-ல் ஃபிரிட்ஸ் ஸ்விக்கி, 'கோமா' என்னும் கூட்டத்திலுள்ள கேலக்ஸிகளின் வேகத்தைக் கணக்கிட்டார். கண்ணில் படுகிற பொருளின் ஈர்ப்புக்கு அடங்காத வேகம் அது. 1970-களில் வேரா ரூபின் பார்த்தபோது, ஒரு கேலக்ஸியின் ஓரத்து நட்சத்திரங்களும் வேகம் குறையாமலே சுற்றின. அப்படியானால் கண்ணுக்குத் தெரியாத பொருள் ஏராளமாக இருக்க வேண்டும் என்றார்கள். 1983-ல் இஸ்ரேலைச் சேர்ந்த மில்க்ரோம் வேறு விதமாகக் கேட்டார்: ஈர்ப்பு மிகவும் நலிந்துபோன இடத்தில், விதியே சற்று மாறுகிறதென்றால்? அந்த ஒரு திருத்தத்தைக் கொண்டு, அநேக கேலக்ஸிகளின் சுழற்சிக்குக் கரும்பொருள் இல்லாமலே கணக்குச் சொல்ல முடிகிறது.

விஞ்ஞானத்தின் பெயரால் பேசுகிற சிலர் இதைக் கேட்டுச் சிரிக்கிறார்கள். விதியிலே கை வைப்பதாவது என்கிறார்கள். இவர்கள் சரித்திரம் படித்ததில்லையா? யுரேனஸ் தடம் பிசகியபோது, தெரியாத கிரகம் ஒன்று அதை இழுக்கிறது என்றார் லெவெரியே. 1846-ல் நெப்டியூன் அகப்பட்டது. புதன் பிசகியபோதும் 1859-ல் அதே மனிதர் அதே பதிலைத்தான் சொன்னார். இல்லாத அந்தக் கிரகத்துக்கு 'வல்கன்' என்று நாமகரணம்கூட நடந்தது. தேடித் தேடிக் கண் பூத்ததுதான் மிச்சம். 1915-ல் ஐன்ஸ்டீன் ஈர்ப்பு விதியையே திருத்தினார். புதனின் பிசகு, நூற்றாண்டுக்கு 43 விகலை, கணக்கில் வந்து உட்கார்ந்தது.

எதிர்க்கட்சியின் பலம் எனக்குத் தெரியாததல்ல. 2006-ல் ஆராயப்பட்ட 'புல்லட்' கூட்டத்தில், இரண்டு கேலக்ஸிக் கூட்டங்கள் மோதி, பொருளில் பெரும்பகுதியான வாயு நடுவிலே தங்கிவிட்டது. ஈர்ப்போ விலகிப் போய் நிற்கிறது. மில்க்ரோம் கட்சிக்கு அது பலத்த அடி. பிரபஞ்சத்தின் ஆதி ஒளியும் கரும்பொருளுக்கே சாட்சி சொல்கிறது. ஆனால், சாட்சி பலமாக இருப்பது வேறு, ஆள் அகப்படுவது வேறு. அமெரிக்காவில் தெற்கு டகோட்டாவில், பூமிக்கடியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், பத்து டன் செனான் திரவத்தை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். 2024-ல் வெளியான முடிவிலும் ஒரு துகள்கூடச் சிக்கவில்லை.

கரும்பொருள் இன்னொரு நெப்டியூனாக இருக்கலாம். இன்னொரு வல்கனாகவும் இருக்கலாம். அது அகப்படும் வரையில் மில்க்ரோமைப் பார்த்துச் சிரிக்க எவருக்கும் உரிமை கிடையாது. புல்லட் கூட்டத்துக்கு என்ன பதில் என்று அவரைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். ஒரு சிந்தனைக்குக் காட்ட வேண்டிய மரியாதை அதுதான்.