‘ஒரு லார்ஜ்தானே, ஸ்டெடியாத்தான் இருக்கேன்’

கொச்சி மட்டாஞ்சேரியில் குடித்துவிட்டு வண்டியை எடுப்பவரிடம் ஒரு வாதம் எப்போதும் தயாராக இருக்கும். “ஒரு லார்ஜ்தான் போட்டேன். ஸ்டெடியாத்தான் இருக்கேன். தோப்பும்படி வரைக்கும்தானே!” தமிழில் சொன்னாலும் மலையாளத்தில் சொன்னாலும் சங்கதி ஒன்றுதான். இதில் எந்தத் துண்டும் தேறாது.

முதலில் அந்த லார்ஜ். மோட்டார் வாகனச் சட்டத்தின் 185ஆம் பிரிவு வைத்திருக்கும் வரம்பு, 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம் ஆல்கஹால். ஒரு லார்ஜ் என்பது 60 மில்லி. 42.8 சதவீதச் சரக்கு என்றால் அதில் சுமார் 20 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. 70 கிலோ எடையுள்ள ஆண் வெறும் வயிற்றில் மளமளவென்று குடித்தால் ரத்த அளவு 40 வரை போகும். எடை குறைந்தவருக்கும் பெண்களுக்கும் இன்னும் கூடும். 650 மில்லி ஸ்ட்ராங் பீர் இதைப்போல் இரு மடங்கு. ‘பீர்தானே’ என்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்க வேண்டும். சாப்பிட்டுவிட்டுக் குடித்தால் மெதுவாக ஏறும் என்பது உண்மை. எவ்வளவு மெதுவாக என்று குடிக்கிறவருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 80 வரை விடுகிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. பக்கத்து ஸ்காட்லாந்து 2014இலேயே அதை 50 ஆக இறக்கிவிட்டது.

‘ஸ்டெடி’ என்பதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தான பேச்சு. கால் தள்ளாடுவதற்கு வெகுமுன்பே போய்விடுவது கணிப்பு. எதிரே வரும் ஹெட்லைட் கூச்சத்திலிருந்து கண் மீள்வது, ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிப்பது, பிரேக்கில் கால் வைக்க எடுக்கும் நேரம் எல்லாம் குறைந்த அளவிலேயே கெடும். 40ஐத் தாண்டினால் விபத்து அபாயம் வெகுவாகக் கூடுகிறது என்கிறது உலக சுகாதார நிறுவனம். தன் நிதானத்தை எடைபோட வேண்டிய மூளையே நனைந்திருக்கும்போது அது தரும் சான்றிதழை எப்படி நம்புவது? பழகிய குடிகாரர் தள்ளாடாமல் நடப்பார். அவர் ரத்தத்தில் உள்ள அளவு அதனால் ஒரு புள்ளிகூடக் குறையாது.

‘தோப்பும்படி வரைதானே, சந்துக்குள் எங்கே வேகமாகப் போவது?’ பஜார் ரோட்டை நன்றாகப் பார்த்தவர் இப்படிச் சொல்ல மாட்டார். இரண்டு பக்கமும் கிடங்குகள், நடுவில் சுமை இறக்கும் லாரி, அதன் பின்னாலிருந்து திடீரென்று எட்டிப்பார்க்கும் கைவண்டி. இங்கே உயிர் காப்பது அரை விநாடி. டிசம்பர் 31 இரவு பாப்பாஞ்ஞிப் பொம்மையை எரித்து முடித்து ஃபோர்ட் கொச்சிக் கூட்டம் மொத்தமும் கலையும்போது, குழந்தையைத் தோளில் வைத்து நடப்பவர்களுக்கு நடுவேதான் அந்த ‘ஸ்டெடி’ ஆசாமியும் பைக்கில் வருகிறார்.

அடுத்தது, மெஷின் பொய் சொல்லும் என்பது. 2025 ஜூலையில் பந்தளம் கே.எஸ்.ஆர்.டி.சி. டிப்போவில் பலாப்பழம் சாப்பிட்ட ஊழியர்கள் ஊதியபோது கருவி ஆல்கஹால் காட்டியது. குடிக்காத ஒருவர் அதே பழத்தைத் தின்று ஊதியதும் அவருக்கும் காட்டியது. செய்தி உண்மை, அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு. நன்கு பழுத்துப் புளிக்கத் தொடங்கிய பழத்தின் ஆல்கஹால் வாயில் தங்கிய ஈரம். கால் மணி நேரத்தில் அது போய்விடும். ரத்தத்தில் ஏறியதோ நுரையீரல் வழியாக ஒவ்வொரு மூச்சிலும் வந்துகொண்டே இருக்கும். சந்தேகம் என்றால் கொஞ்சம் பொறுத்து மறுபடி ஊதச் சொல்லலாம், ரத்தப் பரிசோதனை கேட்கலாம். நிரபராதிக்கு அந்த உரிமை கட்டாயம் வேண்டும். குடித்தவரை அது காப்பாற்றாது. ஏலக்காய், புதினா மிட்டாய் விஷயமும் இப்படியே. வாடையை மறைக்கும், அளவைத் தொடாது.

எலுமிச்சை, கட்டன்காப்பி, குளியல் எதுவும் ரத்த அளவை இறக்குவதில்லை. 100 மில்லி ரத்தத்தில் கல்லீரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் இறக்கும். அவசரப்படுத்த வழியில்லை. இரவு 10 மணிக்குத் தொடங்கி மூன்று கட்டிங் போட்ட 70 கிலோ ஆள், தூங்கி எழுந்து காலை 6 மணிக்கு லோடு ஏற்றப் போகும்போதும் 70 பக்கம் இருப்பார். தலைவலி மட்டும்தான் என்று நினைத்துக்கொண்டு ஓட்டுவார்.

தானே இறங்கும் இந்த அளவுக்கு இன்னொரு முகம் உண்டு. 2019 ஆகஸ்ட் 3 பின்னிரவு, திருவனந்தபுரம் மியூசியம் அருகே ‘சிராஜ்’ பத்திரிகையாளர் கே.எம். பஷீர் கார் மோதி இறந்தார். காரில் இருந்தவர் ஒரு ஐ.ஏ.எஸ். அதிகாரி. அவருடைய ரத்தம் எடுக்கப்பட்டது விடிந்து வெகுநேரம் கழித்தே. ஆல்கஹால் இல்லை என்று அறிக்கை வந்தது. அவர் குடித்திருந்தாரா என்பதை நீதிமன்றம்தான் சொல்ல வேண்டும், நான் சொல்லவில்லை. நான் சொல்வது நேரத்தைப் பற்றி. குடித்துவிட்டு ஓட்டிய குற்றத்தில் கைதானவரை 2 மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்று 202ஆம் பிரிவு எழுதி வைத்திருப்பது காரணமில்லாமல் இல்லை. தாமதமாக எடுத்த ரத்தத்தில் ஒன்றும் இல்லை என்றால், மோதிய நேரத்திலும் ஒன்றும் இல்லை என்று அதற்கு அர்த்தமாகாது.