மூன்றாம் தரம் சொல்வதற்கு முன்

போன வாரம் நாமக்கல்லில் பேருந்து ஏறி, காரவள்ளி தாண்டி, எழுபது கொண்டை ஊசி வளைவும் சுற்றிச் செம்மேட்டில் இறங்கினேன். என்னிடம் எட்டாம் வகுப்பு படித்த பையன் வண்டியோடு காத்திருந்தான். பையனுக்கே இப்போது நாற்பது வயது. "சார், அம்மா உங்களைக் கூட்டிட்டு வரச் சொல்லுச்சு. ஒரு பொருளை விக்கிறதா வேண்டாமான்னு ரெண்டு நாளா வீட்டுல ஒரே பேச்சு" என்றான். வளப்பூர் நாட்டுப் பக்கம் அவன் ஊர்.

திண்ணையில் சாக்கு விரித்து அந்தப் பொருளை வைத்திருந்தார்கள். பித்தளை வள்ளம். தானியம் அளக்கிற வள்ளம்தான். ஒரு சாண் உயரம். வாய் விளிம்பு கனமாக, வெளிப்பக்கம் மடிந்திருந்தது. இடுப்பில் மூன்று வளையக் கோடுகள். விளிம்புக்குக் கீழே கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு முத்திரை. எழுத்து தேய்ந்துபோய் மேடும் பள்ளமும்தான் மிச்சம். அடியில் ஈயம் வைத்து அடைத்த ஓர் ஒட்டு. வெளிப்புறம் கறுத்துக் கிடக்க, உள்புறம் மட்டும் பளபளவென்று இருந்தது. யாரும் புளி போட்டுத் துலக்கிய பளபளப்பு அல்ல. சாமையும் தினையும் கேழ்வரகும் தலைமுறை தலைமுறையாக விழுந்து விழுந்து தேய்த்தது. உள்ளே கையை விட்டுத் தடவினால் ஆற்றுக் கூழாங்கல்லைத் தொடுவது போல இருந்தது.

"எங்க மாமியாரோட மாமியார் காலத்துது சார்" என்றார் அந்த அம்மா.

பிளாஸ்டிக் குடமும் எவர்சில்வர் அண்டாவும் டெம்போவில் ஏற்றிக்கொண்டு மலைக்கு வருகிறவர் ஒருவர் அதைப் பார்த்திருக்கிறார். எடைக்குப் போட்டால் 1,500 ரூபாய்தான் வரும், நான் 2,000 தருகிறேன் என்றாராம். இதற்கிடையில் பேரன் கைப்பேசியில் தேடி, பழம்பொருள் ஏலத்தில் விற்றுத் தருகிறோம் என்கிற ஒருவரைப் பிடித்திருந்தான். அவர் பொருளைப் பார்க்கவே இல்லை. படம் கூடக் கேட்கவில்லை. மூன்று லட்சம் போகும், முதலில் பதிவுக் கட்டணமாக 4,500 அனுப்புங்கள் என்றிருக்கிறார். நல்லவேளை, அனுப்புவதற்குள் என்னைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

முன்பணம் கேட்கிறவர் ஏலக்காரர் அல்ல. இதை மலை முழுக்கத் தண்டோரா போட்டுச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது எனக்கு. பழைய நாணயம், பழைய ரூபாய் நோட்டு வைத்திருப்பவர்களைக் குறிவைத்து இந்த ஏமாற்று நாடெங்கும் நடந்ததால்தான், 2021 ஆகஸ்டில் ரிசர்வ் வங்கியே ஓர் அறிவிப்பு வெளியிட்டது. பழைய நோட்டு, நாணயம் வாங்குவது விற்பது எதிலும் தான் ஈடுபடுவதில்லை, அதற்காக எந்தக் கட்டணமும் கமிஷனும் கேட்பதில்லை என்று அதில் தெளிவாகச் சொன்னது. ஒழுங்கான ஏல நிறுவனம் தன் கமிஷனை விற்ற பணத்தில்தான் பிடித்துக்கொள்ளும். படமெடுக்க, காப்பீடு செய்ய என்று தனிச் செலவு உண்டென்றால் அதுவும் ஒப்பந்தத்தில் எழுத்தாக இருக்கும். பார்க்காத பொருளுக்கு விலையும் சொல்லாது.

எங்கள் வீட்டில் நடந்ததையும் சொல்கிறேன். பாட்டியின் குத்துவிளக்கு ஒன்று இருந்தது. இடுப்பளவு உயரம், உச்சியில் அன்னம். அக்காவின் கல்லூரிக் கட்டணத்துக்காக அதை எடைக்குப் போட்டோம். தராசில் ஏற்றுவதற்காக அந்த வியாபாரி அன்னத்தைத் திருகிக் கழற்றித் தனியாக வைத்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். பல வருடம் கழித்துக் காரைக்குடியில் பழம்பொருள் கடைகள் இருக்கும் தெருவில் நடந்தபோது, அதே மாதிரிக் கழுத்து வளைவுள்ள அன்னம் ஒரு விளக்கின் மேல் நின்றது. அதன் விலையைக் கேட்டுவிட்டு நான் பேசாமல் வந்துவிட்டேன். அன்றைக்கு நாங்கள் விற்றது பித்தளையை. விளக்கை விற்கவில்லை. அதனால்தான் இந்த வள்ளத்தின் விஷயத்தில் எனக்கு இவ்வளவு பதற்றம்.

ஏலம் என்றால் நம் பக்கத்து ஆட்களுக்குப் புதிதில்லை. அடிவாரத்தில் நாமகிரிப்பேட்டையில் வாராவாரம் மஞ்சள் ஏலம் நடக்கிறது. விரலி தனி, உருண்டை தனி, பனங்காலி தனி. வியாபாரி விரலியை ஒடித்து உள் நிறம் பார்த்துத்தான் விலை போடுவார். எந்த ரகத்தை நாமகிரிப்பேட்டையில் போடுவது, எதை ஈரோட்டுக்குக் கொண்டுபோவது என்று மஞ்சள் விவசாயிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அந்த ரகத்தை ஒடித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் எங்கே கூடுகிறார்களோ அங்கே கொண்டுபோவார். பழம்பொருளுக்கும் இதே கணக்குத்தான். பெயர் பெரிதா, கட்டடம் பெரிதா என்பது இரண்டாம் பட்சம். இந்தப் பொருளை ஒடித்துப் பார்க்கத் தெரிந்தவர்கள் அந்தக் கூடத்துக்கு வருகிறார்களா? முதல் கேள்வி அது.

2013 டிசம்பரில் கிறிஸ்டிஸ் நிறுவனம் மும்பையில் தன் முதல் ஏலத்தை நடத்தியபோது ஓவியர் கெய்தோண்டேயின் படைப்பு ஒன்று 23.7 கோடிக்குப் போனது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு வள்ளத்தைத் தூக்கிக்கொண்டு அங்கே போனால் வாசலிலேயே மறுத்துவிடுவார்கள். பெரிய நிறுவனங்கள் இவ்வளவு விலைக்குக் கீழே எடுப்பதில்லை என்று ஒரு வரம்பு வைத்திருக்கின்றன. இன்னொன்றையும் சொல்ல வேண்டும். செய்தித்தாளில் வரும் இந்த மாதிரி விலைகளில் பெரும்பாலும், வாங்குபவர் நிறுவனத்துக்குக் கட்டும் தனிக் கட்டணமும் சேர்ந்தே இருக்கிறது. பெரிய இடங்களில் அது சுத்தியல் விலையில், அதாவது ஏலத்தில் சுத்தியல் தட்டி முடித்த விலையில், ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கோ அதற்கு மேலோ வரும். அதில் ஒரு காசும் விற்றவர் கைக்கு வராது. அவருக்குச் சுத்தியல் விலைதான். அதிலும் தன் பங்குக் கமிஷன் போக மீதி.

நாணயம் என்றால் அதற்கென்றே மும்பையில் டோடிவாலா, பெங்களூரில் மருதர் ஆர்ட்ஸ் என்று தனி நிறுவனங்கள் உண்டு. ஓவியம், சிற்பம் என்றால் சாஃப்ரன்ஆர்ட், புண்டோல்ஸ், அஸ்டகுரு. புழங்கு பொருள், மரச்சாமான், வீட்டுப் பாத்திரம் என்றால் சென்னையில் வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுப் பழகிய பழைய நிறுவனங்கள்தான் சரி. அப்படி ஒன்றுதான் மர்ரே கம்பெனி. அதை நடத்திய ராஜம்தான் 1950-களில் சங்க நூல்களைச் சந்தி பிரித்து, மலிவு விலையில், சாதாரண ஜனங்கள் வாங்கிப் படிக்கிற மாதிரி அச்சிட்டுக் கொடுத்தார். இந்தக் கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியைப் பாடிய புறநானூறும் அந்த மர்ரே பதிப்பில் வந்தது. ஏலம் போடுகிற கை பழையதன் அருமை தெரிந்த கையாக இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

சின்ன நிறுவனம் என்று இளக்காரமாக நினைக்கவும் கூடாது. 2020 ஆகஸ்டில் இங்கிலாந்தில் பிரிஸ்டல் பக்கம் ஒரு சிறிய ஏலக் கூடத்தின் தபால் பெட்டியில் யாரோ ஒரு உறையைச் செருகிவிட்டுப் போனார்கள். வார இறுதி முழுக்க அது பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. உள்ளே ஒரு பழைய மூக்குக் கண்ணாடி, காந்தியுடையது என்று ஒரு குறிப்பு. மதிப்பில்லாவிட்டால் தூக்கிப் போட்டுவிடுங்கள் என்றுதான் அதன் உரிமையாளர் சொன்னாராம். அந்தக் கூடத்தார் தூக்கிப் போடவில்லை. அவருடைய உறவினர் தென்னாப்பிரிக்காவில் எந்த ஆண்டுகளில் வேலை பார்த்தார், காந்தி அங்கே எப்போது இருந்தார் என்று ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார்கள். 15,000 பவுண்டு போகலாம் என்று மதிப்பிட்டது 2,60,000 பவுண்டுக்குப் போனது. கண்ணாடிக்கு அவ்வளவு விலையில்லை. அது யாருடைய மூக்கில் இருந்தது என்பதைக் காட்டிய சான்றுக்குத்தான் விலை.

சான்று இல்லாமல் விற்றால் என்ன ஆகும் என்பதையும் உலகின் மிகப் பெரிய ஏல நிறுவனம் ஒன்றின் கதையே காட்டுகிறது. 1967-ல் லண்டன் சோத்பிஸ் ஏலத்தில் திருமங்கையாழ்வார் செப்புச் சிலை ஒன்றை ஆக்ஸ்ஃபோர்டின் அஷ்மோலியன் அருங்காட்சியகம் 850 பவுண்டுக்கு வாங்கியது. அதே சிலை 1957-ல் கும்பகோணம் பக்கத்துச் சவுந்தரராசப் பெருமாள் கோயிலில் இருந்ததற்கான புகைப்படம் புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் பத்திரமாக இருந்தது. அந்தப் படம் வெளியே வந்த பிறகு, சிலையைத் திருப்பித் தர 2024-ல் ஆக்ஸ்ஃபோர்டு ஒப்புக்கொண்டது. பெரிய பெயர் கொண்ட நிறுவனம் விற்றது என்பது ஒரு பொருளைச் சுத்தமாக்கிவிடாது. "இது உங்களிடம் எப்படி வந்தது?" என்று கறாராகக் கேட்காத ஏலக்காரரிடம் நான் ஒரு செம்பைக்கூடக் கொடுக்க மாட்டேன்.

அதனால் அந்தத் திண்ணையில் நான் முதலில் கேட்டது அதைத்தான். அம்மா சொல்லச் சொல்லப் பையன் எழுதினான். எந்த ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த மருமகள் கொண்டுவந்தது, எந்தக் காட்டுத் தானியத்தை அளந்தது, அடி ஓட்டையை எந்தச் சந்தையில் அடைத்தது எல்லாமே. முத்திரையை மேலும் தேய்க்க வேண்டாம், துலக்கவே வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டுக்கொண்டேன். 1958 அக்டோபர் தொடங்கி மெட்ரிக் அளவுகள் படிப்படியாக வந்து வள்ளத்தையும் படியையும் ஓரங்கட்டின. அதற்கு முந்திய முத்திரை என்று காட்ட முடிந்தால் அதுவே பாதிச் சான்று.

சட்டத்தையும் சொன்னேன். 1972-ம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வயது தாண்டிய பொருள் தொல்பொருள். தன் வீட்டுப் பொருளை ஒருவர் உள்நாட்டில் விற்கலாம். அதை வியாபாரமாகச் செய்பவருக்குத்தான் உரிமம் வேண்டும். ஆகவே ஏல நிறுவனத்திடம் உரிமத்தைக் காட்டச் சொல்லிக் கேட்பது நம் உரிமை. வெளிநாட்டுக்கு அனுப்புவது குற்றம். ஆறு மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறை. சிலை, ஓவியம் போன்றவற்றைத் தொல்லியல் துறையில் பதிவு செய்திருக்க வேண்டும், கை மாறினால் தெரிவிக்கவும் வேண்டும். உழும்போது மண்ணுக்குள் கிடைத்தது என்றால் கதையே வேறு. 1878-ம் ஆண்டுப் புதையல் சட்டப்படி பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எதையும் ஆட்சியருக்கு எழுதித் தெரிவிக்க வேண்டும். கோயில் பொருளைப் பற்றிப் பேச்சே கிடையாது.

"அப்போ இது சார்?" என்று பையன் பரணிலிருந்து இன்னொன்றை இறக்கினான். துணியில் சுற்றிய ஏட்டுக் கட்டு. அவன் தாத்தா மூலிகை வைத்தியர். ஏடுகளின் ஓரம் கறையானால் அரிபட்டிருந்தது; நடுவில் எழுத்து நன்றாகவே இருந்தது. டெம்போக்காரர் இதற்கும் 1,000 சொன்னாராம்.

இதை எந்த ஏலத்துக்கும் கொண்டுபோகாதே என்று சொன்னேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலும், அம்மா உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். எழுபத்தைந்து வயது தாண்டிய சுவடி சட்டப்படியே தொல்பொருள். நான் சொன்னதற்குக் காரணம் சட்டம் இல்லை. சென்னை ஆசியவியல் நிறுவனத்தில் இருக்கும் தமிழ் மருத்துவச் சுவடிகளை 1997-லேயே யுனெஸ்கோ உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அவையும் இப்படி ஏதோ ஒரு வைத்தியர் வீட்டுப் பரணில் கிடந்தவையாகத்தான் இருக்கும். 1869-ல் தொடங்கிய அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகம் இருக்கிறது. அங்கே போனால் படிக்கத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். ஏலத்தில் போனால் கட்டுப் பிரிந்து, ஏடு ஏடாகச் சட்டம் போட்டு யாரோ ஒருவர் வரவேற்பறைச் சுவரில் தொங்கும். மருந்தின் பாதி ஒரு வீட்டில், பத்தியம் இன்னொரு வீட்டில்.

அவன் கட்டைத் திரும்பச் சுற்றினான். முதலில் எல்லா ஏட்டையும் வெளிச்சத்தில் வைத்துப் படம் எடுப்பது, பிறகு நூலகத்துக்கு எழுதுவது என்று முடிவானது.

வள்ளத்துக்கு வருகிறேன். சென்னையில் இரண்டு இடங்களுக்குப் படம் அனுப்பினோம்: முன், பின், அடி, முத்திரை, பக்கத்தில் ஓர் அளவுகோல். கூடவே கமிஷன் எவ்வளவு, கொண்டுவரும் செலவு யாருடையது, விற்காவிட்டால் திருப்பி அனுப்புவது யார், விற்றால் எத்தனை நாளில் பணம் என்ற கேள்விகள். ஓர் இடத்திலிருந்து பதில் வந்தது. லட்சமெல்லாம் இல்லை, டெம்போக்காரர் சொன்னதைப் போல ஐந்தாறு மடங்கு கிடைக்கலாம், நேரில் பார்த்துத்தான் உறுதி சொல்ல முடியும் என்றார்கள். அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. இதற்குக் கீழே கொடுக்கக் கூடாது என்று ஒரு ரிசர்வ் விலையை நீங்களே சொல்லலாம் என்றும் எழுதியிருந்தார்கள்.

அம்மாவிடம் அதை விளக்கிச் சொன்னேன். ஒரு தரம், ரெண்டு தரம் என்று கூவும்போது நீங்கள் சொன்ன விலையைத் தொடாவிட்டால் மூணாவது தரம் சொல்ல மாட்டார்கள், பொருள் உங்களுக்கே திரும்பி வரும் என்றேன்.

"திரும்பியும் வருமா?" என்று அவர் இரண்டு முறை கேட்டார். பிறகு வள்ளத்தை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மிளகு பறிப்பு முடியட்டும், அதற்குப் பிறகு விலை சொல்கிறேன் என்றார். சாயங்காலம் நான் கிளம்பும்போது பக்கத்து வீட்டுப் பெண் தினை கடன் கேட்டு வந்தாள். அம்மா அதே வள்ளத்தில் அளந்து, தலை தட்டி, மேலே ஒரு கைப்பிடி கூடப் போட்டு அவள் முந்தானையில் கொட்டினார்.