பாலிசியை எடுத்துப் பாருங்கள், தோழர்களே!

குட்டியானை ஓட்டும் தோழர்களே! காந்தி மார்க்கெட்டிலும் வாழைக்காய் மண்டியிலும் ஸ்ரீரங்கம் சாத்தார வீதிப் பூச்சந்தையிலும் லோடுக்குக் காத்து நிற்கும் அண்ணன் தம்பிகளே!

மார்கழி நெருங்குகிறது. வைகுண்ட ஏகாதசிக்குப் பூவும் காயும் விடிய விடியக் காவிரியைத் தாண்டி ரங்கத்துக்குள் போகும். பனி, ராத்திரி ஓட்டம், தூக்கமில்லாத கண். அதற்குள் முடித்தாக வேண்டிய வேலை ஒன்று நமக்கு இருக்கிறது.

வண்டிக்குள் கிடக்கும் பாலிசியை இன்றே எடுத்துப் படியுங்கள். 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு மூன்றாம் நபர் பிரீமியமாக 2022இல் நிர்ணயித்தது 16,049 ரூபாய். டியூ கட்டி, டீசல் போட்டு, வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணம். அது யாரைக் காக்கிறது? நம் வண்டி மோதியவரை. காக்கட்டும், அதுதான் நியாயம். ஆனால் சொந்த வண்டி ஓட்டுகிறவரின் கால் ஸ்டீயரிங்குக்கடியில் நசுங்கினால் அதிலிருந்து ஒரு பைசா வராது. அதற்கென்றே 15 லட்சம் ரூபாய்க்கு உரிமையாளர்-ஓட்டுநர் விபத்துக் காப்பீடு தனியாக இருக்கிறது. உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா?

இருந்தாலும் போதாது. ஆர்சி உங்கள் பெயரில் இருக்க வேண்டும், லைசென்ஸ் காலாவதியாகாமல் இருக்க வேண்டும். செகண்ட் ஹேண்டில் வாங்கி, பழைய ஓனர் பெயரிலேயே ஓட்டிக்கொண்டிருப்பவர்கள் நம்மில் எத்தனை பேர்! நாளை ஒன்று ஆகிவிட்டால் வீட்டுப் பெண்கள் எந்தக் காகிதத்தைக் காட்டிப் பணம் கேட்பார்கள்? சம்பளத்துக்கு ஓட்டும் தம்பிகளே, டிரைவருக்கும் கிளீனருக்கும் கவர் போட்டிருக்கிறதா என்று ஓனரிடம் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

லோடு மேல் பயணிகளை ஏற்றுவதை விடுங்கள். சரக்கு வண்டியில் சும்மா ஏறி வந்தவருக்குக் காப்பீட்டு நிறுவனம் பொறுப்பல்ல என்று உச்ச நீதிமன்றம் 2003இலேயே சொல்லிவிட்டது. அந்த இழப்பீடு நம் தலையில்தான் விழும்.

நமக்கு ஆதரவான தீர்ப்பும் உண்டு. இலகுரக வாகன லைசென்ஸ் இருந்தாலே 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று 2024 நவம்பர் 6 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு உறுதி செய்தது. அந்த லைசென்ஸ் போதாது என்று சொல்லி யாராவது கிளெய்மைத் தள்ளினால் விடாதீர்கள்.

அடுத்தது உடம்பு. நாற்பது தாண்டியவர் லைசென்ஸ் புதுப்பிக்க 1ஏ படிவத்தில் டாக்டர் சான்று வேண்டும். 25 மீட்டரில் நம்பர் பிளேட் தெரிகிறதா, சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரிகிறதா, மாலைக்கண் உண்டா என்றெல்லாம் அது கேட்கிறது. ஆளைப் பார்க்காமலே போடும் கையெழுத்தைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், தோழர்களே! சர்க்கரை இருப்பது தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும் என்று பயப்படுகிறோம். சர்க்கரை என்ற ஒரே காரணத்துக்காக அது போகாது. கவனிக்காமல் விட்ட சர்க்கரைதான் பார்வையைப் பறிக்கும். புத்தூர் பெரியாஸ்பத்திரியில் கண்ணையும் ரத்தத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள். ஒரு காலை நேரம்தான் போகும்.

வங்கியில் ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் பிரதமர் விபத்துக் காப்பீட்டில் இன்னும் சேராதவர்கள் உடனே சேருங்கள். விபத்தில் உயிர் போனால் குடும்பத்துக்கு 2 லட்சம் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை லோடு இறக்கியதும் ஸ்டாண்டில் கூடுவோம். ஆர்சி, லைசென்ஸ், பாலிசி மூன்றையும் கையோடு கொண்டு வாருங்கள். படிக்கத் தெரிந்தவர் மற்றவருக்குப் படித்துச் சொல்லட்டும். பெயர் மாறாத ஆர்சிக்காரர்கள் அத்தனை பேரும் திங்கள் காலை ஒன்றாக ஆர்டிஓ ஆபீசுக்குக் கிளம்புவோம். அன்றைய லோடு போனால் போகட்டும்!