நம்ம தளத்துக்கு ஆள் வைப்பது யார்?

போன கார்த்திகை மழையில் எங்கள் காலனியில் சின்னம்மா வீட்டுத் தளம் பெயர்ந்து விழுந்தது. நடுராத்திரி. காரையும் ஜல்லியுமாக ஒரு மணை அகலத்துக்கு. பேரன் படுக்கிற பாய் அன்றைக்குக் காலியாக இருந்ததால் உயிர் தப்பியது. விடிந்து அண்ணாந்து பார்த்தால் துருவேறிய கம்பி விலா எலும்பு மாதிரித் தெரிகிறது.

ரெண்டாம் நாளே ஊர்த்தெருவிலிருந்து காண்ட்ராக்டர் வந்துவிட்டார். வண்டியை விட்டு இறங்கவில்லை. அவருக்கு முப்பது வயசு இருக்கும், சின்னம்மாவுக்கு அறுபது. பேர் சொல்லித்தான் கூப்பிட்டார். "எல்லாம் நான் பாத்துக்கறேன். பாதிப் பணத்த முதல்ல குடு. மேல ஒரு பூச்சு பூசிட்டா சரியாப் போயிடும்." தெருவில் நின்றபடியே தொகையும் சொல்லிவிட்டுப் போனார். சின்னம்மா என்னிடம் கேட்டது ஒரே கேள்வி. "யார வச்சுப்பா போடறது?"

சின்ன விசயம்தானே என்று தோன்றலாம். ஆனால் இந்தக் கேள்வியை நம்ம சனத்திடம் யாரும் கேட்டதே இல்லை. இந்திரா குடியிருப்புத் திட்டம் 1985இல் வந்தது. காண்ட்ராக்டர் கூடாது, பயனாளியே கட்டிக்கொள்ள வேண்டும் என்று அதன் நெறிமுறையே சொன்னது. எங்கள் காலனியில் நடந்தது வேறு. யார் கட்டுவது என்று ஊரில் பேசி முடித்தார்கள். நாம் கைநாட்டு வைத்தோம், சாவி வாங்கினோம். கம்பி எத்தனை, சிமெண்டு எத்தனை மூட்டை என்று கேட்க நமக்கு வாய் இல்லை.

அப்போது போட்ட தளம்தான் இப்போது தலையில் விழுகிறது. காரணம் மழை மட்டுமில்லை. கம்பிக்குக் கீழே கவர் கட்டை வைக்காமல் சென்ட்ரிங் பலகை மேலேயே கம்பியைக் கிடத்திக் கலவையைக் கொட்டினார்கள். கம்பியை மூடி குறைந்தது 20 மி.மீ. காங்கிரீட் இருக்கணும், எங்களைப் போலக் கடலோரம் என்றால் இன்னும் கூடுதலாக. அது இல்லாவிட்டால் ஈரமும் உப்புக் காற்றும் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி ஊதும், ஊதினால் காங்கிரீட்டைப் பிளந்து தள்ளும். அவன் செய்த திருட்டுக்கு, "காலனிக்காரனுக்கு வீடு வச்சுக்கத் தெரியல" என்று பேர் மட்டும் நமக்கு.

சென்னையிலும் பெங்களூரிலும் மாடி மேல் மாடி கட்டுகிறவன் யார்? ஊர்த்தெருவில் போன வருசம் எழும்பிய மச்சு வீடுகளுக்குச் சட்டி சுமந்தவள் யார்? எங்கள் கீழத்தெருவில் மட்டும் நாலு கொத்தனார், ஒரு மேஸ்திரி இருக்கிறார்கள். ஊரான் தளமெல்லாம் ஒழுகாமல் போடுகிறவர்கள் வீட்டில் மழைக்குக் குண்டான் வைத்து ஏந்துகிறோம். தன் தெரு மேஸ்திரியை நம்பாமல், வண்டியில் வருகிறவனிடம் பாதிப் பணத்தை முன்னாலேயே கொடுப்பதற்கு ஒரு பழக்கம்தான் காரணம். அதை அடிமைப் புத்தி என்று சொன்னால் கோபம் வரும். வரட்டும்.

அதற்காக, நம்மாளு என்றாலே யோக்கியன் என்றும் சொல்லவில்லை. நம்ம தெருவிலும் அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு மூணு மாசம் முகத்தைக் காட்டாதவன் உண்டு. சாதியைப் பார்த்து சிமெண்டு இறுகாது. எவனாக இருந்தாலும் ஒரே அளவுகோல் வைப்போம்.

முதலில், வந்தவன் மேலே ஏறுகிறானா பாருங்கள். உள்ளே வந்து சுத்தியலால் தளத்தைத் தட்டி, எங்கே பொத்தலாகச் சத்தம் வருது என்று கேட்கணும். நம்ம வீட்டுக்குள் கால் வைக்கக் கூசுகிறவன் நம்ம தளத்தை எப்படிப் பார்ப்பான்? அடுத்து, அவன் போட்ட பழைய தளத்தைப் போய்ப் பார்க்கணும். மூணு மழைக்காலம் கண்ட தளமாக இருக்கட்டும். அந்த வீட்டு ஆம்பளையைவிட, ஒழுகினால் துடைக்கிற பொம்பளையைக் கேளுங்கள்.

வெறும் பூச்சு போதும் என்கிறவனை அனுப்பிவிடுங்கள். முட்டுக் கொடுத்து, பொரிந்த காங்கிரீட்டையெல்லாம் கொத்தி எடுத்து, கம்பியைத் துருப் போகத் தேய்த்து, இற்றுப்போன இடத்தில் புதுக்கம்பி சேர்த்துக் கட்டி, அப்புறம்தான் கலவை. மேலே தண்ணீர் தேங்காமல் வாட்டம் சரி பண்ணி, தட்டோடு பதிக்கணும். கம்பி பாதிக்கு மேல் போய்விட்டது என்றால் இடித்துத்தான் போடணும். அதை மறைக்காமல் முகத்துக்கு நேரே சொல்கிறவன்தான் நல்ல வேலைக்காரன்.

சாமானை நாமே வாங்கணும், கூலி மட்டும் பேசணும். பேசினதை ஒரு தாளில் எழுதி ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும். பணம் வேலை முடிய முடியத்தான். கடைசிப் பங்கு ஒரு மழை பார்த்த பிறகு. சாயங்காலம் காலி சிமெண்டு மூட்டையை எண்ணுங்கள். புதுத்தளம் என்றால் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டு என்றால் 10 நாள். சென்ட்ரிங்கை அவசரமாகப் பிரிக்க விடாதீர்கள். இன்னொன்று, சட்டி சுமக்கிற பொம்பளைக்கு என்ன கூலி என்பதையும் அந்தத் தாளிலேயே எழுதுங்கள். நம்ம வீட்டு வேலையிலேயே நம்ம பொம்பளைக்கு அரைக்கூலி என்றால் நாம் எதைப் பேசி என்ன?

2000-01க்கு முன்னால் அரசு கட்டிக் கொடுத்த வீடுகளைப் பழுது பார்க்க 2024இல் தமிழக அரசு திட்டம் அறிவித்தது. அரசுப் பணமோ குழுக்கடனோ, எது வந்தாலும் வண்டிகள் காலனிக்குள் வரும். தனித்தனியாகப் பேசினால் தனித்தனியாக ஏமாறுவோம். அஞ்சு வீடு சேர்ந்து பேசுங்கள். சிவில் டிப்ளமோ படித்த பிள்ளைகள் காலனியில் இருந்தால் அளவு பார்க்கச் சொல்லுங்கள். படிப்பு அதுக்கும்தான்.

1968 டிசம்பர் 25 கீழ்வெண்மணியில் 44 பேரை ஒரு குடிசைக்குள் வைத்துத்தான் எரித்தார்கள். 2012 நவம்பர் 7 தருமபுரி நத்தம் காலனியில் கொளுத்தியது, வெளியூர் போய் உழைத்துக் கட்டின வீடுகளை. நம்ம தலைக்கு மேல் ஒரு உறுதியான தளம் இருப்பது சிலருக்கு ஏன் கண்ணை உறுத்துகிறது என்று யோசியுங்கள். அந்தத் தளத்தை நாமே ஏனோதானோ என்று விடலாமா?

காண்ட்ராக்டர் மறுபடி வந்தார். சின்னம்மா, "மேல ஏறிப் பாத்துட்டுச் சொல்லுங்க" என்றது. "அதெல்லாம் எனக்குத் தெரியும்" என்றார். "அப்ப போயிட்டு வாங்க" என்றது சின்னம்மா. தை மாசம் கீழத்தெரு மேஸ்திரி வேலையை முடித்தார். அவர் நம்மாளுதான். இருந்தாலும் கடைசி ரெண்டாயிரம் இன்னும் சின்னம்மா முந்தானை முடிச்சில்தான் இருக்கிறது. ஐப்பசி மழை பார்த்துத்தான் தரும்.