நாக்குக்கும் எல்லைக்கோடு

போர்ட்டர் என்ற கரிய பியர் 18-ஆம் நூற்றாண்டில் லண்டனில் பிறந்தது. அதில் ஹாப்ஸ் என்னும் கொடியின் பூவைத் தாராளமாகப் போட்டுக் கசப்பேற்றினான் அமெரிக்கன். நானும் ருசித்தேன். முதலில் வறுத்த காப்பிக்கொட்டை வாசனை. பின்னால் வேப்பங்கொழுந்துக் கசப்பு. நல்ல சரக்குதான், மறுக்கவில்லை. ஆனால் அதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசும் நம்மூர் ரசிகர்களைக் கேட்கிறேன்: கம்பம் பள்ளத்தாக்கின் தென்னங்கள்ளைப் பற்றி உங்களால் ஒரு வாக்கியம் சொல்ல முடியுமா?

முடியாது. 1987 முதல் தமிழ்நாட்டில் கள் இறக்குவது குற்றம். லோயர் கேம்ப்பிலிருந்து மலையேறிக் குமுளியில் எல்லையைத் தாண்டிவிட்டால், கேரளத்தில் அதே கள் உரிமம் பெற்ற கடையில் கிடைக்கிறது. விடியலில் இனிப்பு, உச்சியில் புளிப்பு, மாலையில் கடுப்பு. ஒரே மரம், ஒரே நாளில் மூன்று ருசி!

மதுவே வேண்டாமென்று சர்க்கார் சொன்னால் கையெடுத்துக் கும்பிடுவேன். 2003 முதல் சில்லறைக் கடையையும் தானே நடத்திப் பியர் விற்றுக்கொண்டு, கள்ளுக்கு மட்டும் ஒழுக்கம் பேசுவது எந்த ஊர் நியாயம்? பாளை சீவத் தெரிந்த கடைசி ஆளும் போன பிறகு சட்டத்தைத் திருத்தி என்ன பயன்? தென்னை நிற்கும், ஏறத்தான் ஆள் இருக்காது.